மொராட்டாவைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்

கூடுதல்நேரம்:

2021 ஜூன் 19 இரவு. யூரோ கால்பந்துப் போட்டியில் ஸ்பெயினும் போலந்தும் 1-1 என்று முடித்திருந்தன. ஆட்டம் முடிந்த கையோடு, ஸ்பெயினுக்குக் கோல் அடிக்க வேண்டிய ஸ்ட்ரைக்கர் ஆல்வாரோ மொராட்டாவைப் பற்றி ஒரு பதிவு போட்டேன். அன்று ஸ்பெயினுக்குக் கிடைத்த ஒரே கோலைப் போட்டவரே அவர்தான். அதுகூட என் கோபத்தைக் குறைக்கவில்லை. முந்தைய ஆட்டத்தில் ஸ்வீடன் கீப்பர் மட்டும் எதிரே நிற்க, பந்தை வெளியே அடித்தாரே, அந்தக் காட்சியே கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "இவன் ஸ்பெயின் சட்டை போடவே தகுதியில்லாதவன்" என்று தொடங்கி இன்னும் என்னென்னவோ எழுதினேன். அந்த வார்த்தைகளை இங்கே திரும்ப எழுத மனம் வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஜூன் 28, கோபன்ஹேகன். குரோஷியாவை 3-1 என்று அமுக்கி வைத்திருந்த ஸ்பெயின், 85வது நிமிடத்திலிருந்து இரண்டு கோல் வாங்கி 3-3. எனக்குக் கை நடுங்கியது. கூடுதல் நேரத்தில், 100வது நிமிடம், வலப்பக்கத்திலிருந்து ஓல்மோ தூக்கிப் போட்ட பந்தை வலது காலில் இறக்கி, இடது காலால் ஒரே அடி. மொராட்டா! கத்தினேன், குதித்தேன், கண் கலங்கியது. கடைசியில் ஸ்பெயின் 5-3 என்று ஜெயித்தது.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன். அந்த நாட்களில் அவர் மனைவிக்கு வந்த மிரட்டல்கள், அப்பா பெயர் போட்ட சட்டையோடு செவில் மைதானத்துக்குப் போன அவர் குழந்தைகளைப் பார்த்துச் சிலர் கத்தியது, போலந்து ஆட்டத்துக்குப் பிறகு அவரால் தூங்கவே முடியாமல் போனது, எல்லாவற்றையும் அவரே ஒரு வானொலிப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். நான் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் என் பதிவும் அந்தக் குவியலில்தான் கிடந்தது.

இத்தனை வருடம் கழித்தும் ஒரு கேள்வி போகவில்லை. அந்த 100வது நிமிடப் பந்து கம்பிக்கு மேலே போயிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேனா? மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? கிளப்பிலோ நாட்டு அணியிலோ திணறிய ஒரு ஸ்ட்ரைக்கரை வெறுத்து, பிறகு அவர் நாட்டுக்காக அடித்ததும் மனம் மாறிய அனுபவம்?

இடதுகால்:

மனம் விட்டு எழுதியிருக்கிறீர்கள் நண்பரே, மரியாதை. ஆனால் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டுகிறீர்கள். குடும்பத்தை மிரட்டுவது குற்றம், அதில் பேச ஒன்றுமில்லை. ஒரு ஸ்ட்ரைக்கர் கோல் அடிக்கவில்லை என்று சொல்வது ரசிகனின் உரிமை. அதற்கும் சேர்த்து நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. நாட்டு அணிக்காக அடித்துவிட்டார் என்பதாலேயே கிளப் ரசிகர்கள் சொன்னது தவறு என்று ஆகிவிடாது. நெதர்லாந்தின் வெக்ஹோர்ஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் மாற்று ஆளாக வந்து அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு கோல். இரண்டாவது கோல் ஆட்டத்தின் கடைசி மூச்சில், அந்தத் தந்திரமான ஃப்ரீ கிக்கில் வந்தது. உலகமே எழுந்து நின்றது. அடுத்த மாதமே எங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். லீக்கில் 17 ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. நல்ல உழைப்பாளி, நல்ல மனிதர். ஆனால் எங்களுக்குக் கோல் தேவைப்பட்டது. அதைச் சொன்னது தப்பா?

பின்களம்:

கூடுதல்நேரம் சொன்ன அதே ஜூன் 28 இரவில் இன்னொருவரும் இருந்தார், அவரை விட்டுவிட்டீர்கள். புக்கரெஸ்டில் பிரான்சுக்கு எதிராக சுவிட்சர்லாந்தின் ஹாரிஸ் செஃபரோவிச். 15வது நிமிடத்தில் ஒன்று, 3-1 என்று பின்தங்கிக் கிடந்தபோது 81வது நிமிடத்தில் இன்னொன்று, இரண்டும் தலையால். 90வது நிமிடத்தில் கவ்ரானோவிச் சமன் செய்தார். பெனால்டியில் எம்பாப்பேயின் அடியை சுவிஸ் கீப்பர் சோமர் தடுத்ததும் உலக சாம்பியன் பிரான்ஸ் வெளியே.

இதே செஃபரோவிச்சை 2017 நவம்பரில் பாசலில் சொந்த ரசிகர்களே விசிலடித்து வெளியே அனுப்பினார்கள். வட அயர்லாந்துக்கு எதிரான தகுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம். அன்று சுவிட்சர்லாந்து உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றது! கொண்டாட வேண்டிய நாளில் ஒருவர் மட்டும் அவமானப்பட்டுத் தலை குனிந்து போனார். அடுத்த ஆண்டு பெல்ஜியத்துக்கு எதிராக 0-2 என்று பின்தங்கிய ஆட்டத்தை 5-2 என்று திருப்பியபோது ஹாட்ரிக் அடித்தவரும் அவர்தான்.

சொந்த நாட்டு மக்களிடமே விசில் வாங்கிய இரண்டு பேர், ஒரே மாலையில், இரண்டு ஊர்களில். இடதுகால் சொல்வது கிளப்புக்குச் சரியாக இருக்கலாம். நாட்டு அணியில் ரசிகன் விசிலடித்தால் அந்த ஆள் எங்கே போவான்? கிளப்பை மாற்றலாம். பிறந்த நாட்டை மாற்ற முடியுமா?

பழைய பந்து:

தம்பிகளே, இந்தக் கதைக்கெல்லாம் மூத்த கதை ஒன்று இருக்கிறது. 1982, இத்தாலியின் பாவ்லோ ரோசி. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் ஒவ்வொரு நாளும் தேடித் தேடிப் படிப்பேன். முழு ஆட்டங்களைப் பார்த்தது பல வருடம் கழித்துத்தான்.

சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருடத் தடை. தான் நிரபராதி என்றே அவர் கடைசிவரை சொன்னார். தடை முடிந்தது 1982 ஏப்ரலில். யுவென்டஸுக்கு லீக்கில் மூன்றே ஆட்டம் ஆடிவிட்டு நேராக உலகக் கோப்பைக்குப் போனார். அந்த வருடமும் அதற்கு முந்தைய வருடமும் இத்தாலிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் ரோமா அணியின் ப்ரூட்ஸோ. அவரை வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு வருடம் காலில் துரு ஏறியவரைப் பயிற்சியாளர் பெயார்சோட் கூட்டிப் போனார். இத்தாலியில் எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் சுற்றில் மூன்று ஆட்டமும் சமன். ரோசிக்குக் கோல் இல்லை. நான்காவது, அர்ஜென்டினாவை வென்ற ஆட்டம், அதிலும் இல்லை. பத்திரிகைகள் எழுதியதைத் தாங்க முடியாமல் மொத்த அணியும் நிருபர்களிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டது. ஐந்தாவது ஆட்டம் ஜூலை 5, பார்சிலோனாவில் பிரேசிலோடு. சோக்ரடீஸ், ஸீகோ, ஃபல்காவோ எல்லாரும் இருந்த பிரேசில். அவர்களுக்குச் சமனே போதும். ரோசி 5வது நிமிடம், 25வது நிமிடம், 74வது நிமிடம். 3-2. அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதல் கோல். மொத்தம் ஆறு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி, உலகக் கோப்பை.

நான் இதில் பார்ப்பது ரோசியை அல்ல, பெயார்சோட்டை. நான்கு ஆட்டம் வெறுங்கையோடு வந்தவரை ஐந்தாவது ஆட்டத்துக்கும் இறக்கினாரே. அவரிடம் இருந்த பொறுமையில் கால் பங்கு நம்மிடம் இருக்கிறதா?

பின்களம்:

பழைய பந்து ஐயா, 2010 ஜெர்மனியிலும் அப்படியே. க்ளோஸே அந்த சீசனில் பயர்னுக்காக லீக்கில் அடித்தது மூன்று. பொடோல்ஸ்கி கோல்ன் அணிக்காக இரண்டு. ஷால்கவுக்காக 18 அடித்த குரான்யி நாட்டு அணியிலேயே இல்லை. பயிற்சியாளர் லோவ் மேல் வராத விமர்சனம் இல்லை. க்ளோஸே அந்த உலகக் கோப்பையில் நான்கு அடித்தார், அதில் அர்ஜென்டினாவுக்கு எதிராக மட்டும் இரண்டு. 2014இல் இன்னும் இரண்டு சேர்ந்து மொத்தம் 16. உலகக் கோப்பை வரலாற்றில் அதுவரை யாரும் தொடாத எண்.

இடதுகால்:

ஐயா, ஜெயித்தவர்களை மட்டும் எண்ணுகிறோம். ஃபார்ம் இல்லாத ஸ்ட்ரைக்கரை நம்பி இறக்கி, அவர் கடைசிவரை அடிக்காமலே வீட்டுக்குப் போன அணிகள் எத்தனை! அந்தக் கதைகளை யாரும் நினைவு வைப்பதில்லை. பயிற்சியாளர் ஒட்டியிருந்தால் அது சில நேரம் நம்பிக்கை, சில நேரம் வெறும் பிடிவாதம். முடிவு வரும் வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒன்பதாம் எண்:

இடதுகால் சொன்னது நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் எல்லாரும் வெளியிலிருந்து பேசுகிறீர்கள். நான் கல்லூரி அணியில் ஸ்ட்ரைக்கராக ஆடினேன். ஒரு வருடம், வரிசையாகப் பதினோரு ஆட்டம், ஒரு கோலும் இல்லை. பெரிய மைதானம் கிடையாது, இருநூறு பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்த இருநூறு பேரும் நமக்குத் தெரிந்த முகங்கள்.

கோல் வராதபோது உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் ஒரு தொடுதல் கூடிவிடும். வழக்கமாக வந்த வேகத்தில் அடிக்கிற பந்தை, "இன்னும் கொஞ்சம் சரி பண்ணிக்கொள்வோம்" என்று ஒரு தடவை தட்டுவோம். அந்த அரை நொடியில் டிஃபெண்டர் வந்துவிடுவார். அப்புறம் ஓட்டம் மாறும். நல்ல ஸ்ட்ரைக்கர் பந்து வருவதற்கு முன்பே கிளம்புவார், பத்தில் எட்டு முறை அந்தப் பந்து வராது. நம்பிக்கை போனவர் பந்து நிச்சயமாக வரும் என்று தெரிந்த பிறகுதான் கிளம்புவார். அதற்குள் காலம் கடந்திருக்கும். கடைசியாக, பந்தே வேண்டாம் என்று தோன்றும். டிஃபெண்டர் பின்னால் போய் ஒளிந்துகொள்வோம். வெளியே பார்ப்பவருக்கு "சோம்பேறி, ஓட மாட்டேன்கிறாள்" என்று தெரியும். உள்ளே இருப்பது பயம்.

நாட்டு அணியில் சிலருக்கு இது ஏன் விடுபடுகிறது என்றால், என் அனுபவத்தில், சூழல் மாறுவதுதான். வேறு பயிற்சியாளர், வேறு பாஸ், போன வாரம் தவறவிட்டதைப் பார்க்காத சக ஆட்டக்காரர்கள். ஸ்வீடன் ஆட்டத்துக்குப் பிறகு மொத்த நாடும் கத்தியபோது, அடுத்த ஆட்டத்தில் மொராட்டாவும் இன்னும் பத்துப் பேரும் ஆடுவார்கள் என்று பயிற்சியாளர் லுயிஸ் என்ரிக்கே வெளிப்படையாகச் சொன்னார். போலந்துக்கு எதிராகக் கோல் போட்டதும் மொராட்டா நேராக ஓடிப் போய்க் கட்டிப்பிடித்தது அவரைத்தான். கூடுதல்நேரம், நீங்கள் அந்தப் பதிவைப் போட்ட அதே ஆட்டம் அது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு ஜிரூவைச் சொல்வேன். 2018 உலகக் கோப்பையை வென்ற பிரான்சின் முதன்மை ஸ்ட்ரைக்கர். முழுத் தொடரிலும் கோல் கம்பத்துக்குள் அவர் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. எல்லாரும் கேலி செய்தார்கள். ஆனால் இரண்டு டிஃபெண்டர்களைத் தன் முதுகில் தாங்கி அவர் திறந்துவிட்ட வழியில்தான் கிரீஸ்மனும் எம்பாப்பேயும் ஆளுக்கு நான்கு அடித்தார்கள். 2022இல் அவரே நான்கு அடித்து, தியரி ஹென்றியின் 51 கோலைத் தாண்டி, பிரான்சின் அதிக கோல் அடித்தவர் ஆனார். கடைசியில் 57. 2018இல் கேலி செய்தவர்கள் பார்க்காத வேலை அது. ஆட்டத்தில் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள், புரியும்.

கோடுதாண்டி:

அக்கா எழுதியதைப் படித்ததும் பிரேசிலின் ரிச்சார்லிசன் நினைவு வந்தது. நான் டாட்டனம் ரசிகன். 2022-23 சீசனில் எங்களுக்காக லீக்கில் அவர் அடித்தது ஒரே கோல். ஒன்றே ஒன்று! அதே சீசனின் நடுவில்தான் கத்தார் உலகக் கோப்பை. செர்பியாவுக்கு எதிராக இரண்டு, அதில் இரண்டாவது அந்தரத்தில் சுழன்று அடித்தது. எனக்குச் சந்தோஷம் வந்ததா? உண்மையைச் சொல்கிறேன், எரிச்சல்தான் வந்தது. "பிரேசிலுக்கு இப்படி, எங்களுக்கு ஏன் இல்லை? எங்கள் சட்டை மேல் அக்கறை இல்லை" என்று நினைத்தேன். நாட்டுக்காக அடிப்பது சில நேரம் ரசிகனின் மனதை இளக்காது, இன்னும் கெட்டியாக்கும். இந்தப் பக்கத்தை யாரும் பேசவில்லை.

என் மனம் மாறியது அந்தக் கோலால் இல்லை. 2023 செப்டம்பரில் பொலிவியாவுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். பிரேசில் 5-1 என்று ஜெயித்த ஆட்டம். அவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். மைதானத்துக்கு வெளியே சிரமமான காலம் என்றும் இங்கிலாந்து திரும்பியதும் மனநல உதவி தேடப் போவதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அந்த அழுத முகத்தைப் பார்த்தபோதுதான், ஒரு வருடமாக நான் அக்கறையின்மை என்று நினைத்தது என்ன என்று உறைத்தது. ஒரு வாரம் கழித்து ஷெஃபீல்ட் யுனைடெட்டோடு ஆட்டம். 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்தோம். மாற்று ஆளாக வந்து 98வது நிமிடத்தில் தலையால் அடித்தார், 100வது நிமிடத்தில் குலுசெவ்ஸ்கியின் வெற்றிக் கோலுக்குப் பாஸ் கொடுத்தார். அன்று மைதானம் அவருக்காக எழுப்பிய சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

இடதுகால்:

கோடுதாண்டி, இது என்னைத் தொட்டுவிட்டது. என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன், என் வாதத்துக்கே எதிராக இருந்தாலும்.

உருகுவேயின் டியேகோ ஃபோர்லான். 2002 ஜனவரியில் எங்களிடம் வந்தார். முதல் கோலுக்கு எட்டு மாதம் ஆனது, அதுவும் பெனால்டி. எதிரணி ரசிகர்கள் அவர் பெயரைத் திரித்துக் கேலி செய்தார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் அவரை விசிலடித்து விரட்டியதாக எனக்கு நினைவில்லை. அவர் ஓடினார். தோற்கிற ஆட்டத்திலும் 90வது நிமிடத்தில் பின்னால் ஓடி வந்து பந்தைப் பறிப்பார். 2002 டிசம்பரில் ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக இரண்டு கோல் போட்டதும் அவரைத் தலையில் தூக்கி வைத்தோம். மொத்தத்தில் 98 ஆட்டம், 17 கோல். 2004இல் விற்றுவிட்டார்கள். விற்றது சரி என்றுதான் அன்று நினைத்தேன்.

அப்புறம் வியாரியாலில் முதல் சீசனிலேயே 25 கோல். அத்லெட்டிகோவில் ஒரே சீசனில் 32. 2010 உலகக் கோப்பையில் உருகுவேயை நான்காம் இடத்துக்கு இழுத்துப் போய் ஐந்து கோல், தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து. அந்தத் தொடரின் பந்து காற்றில் எப்படிப் போகும் என்று கீப்பர்களே திணறினார்கள். அவர் தூரத்திலிருந்து அதை விரும்பிய இடத்துக்கு அனுப்பினார். அந்த மாதம் முழுக்க என் நாடு ஆடுவது மாதிரி உருகுவே ஆட்டத்தைப் பார்த்தேன். மனம் மாறவே இல்லை எனக்கு. மாற வேண்டிய தேவை இருக்கவில்லை. இதை எழுதும்போதுதான் வெக்ஹோர்ஸ்டும் அதே மாதிரி ஓடியவர் என்று தோன்றுகிறது. அவருக்கு அந்த அன்பை நான் ஏன் கொடுக்கவில்லை என்று தெரியவில்லை. அப்போது கிளப் ஜெயித்துக்கொண்டிருந்தது, இப்போது இல்லை, அதனால் இருக்கலாம்.

பழைய பந்து:

இடதுகால் தம்பி, அந்தக் கடைசி வரியில் நிறைய இருக்கிறது. தோற்கிற அணியின் ஸ்ட்ரைக்கர்தான் எல்லாருடைய கோபத்துக்கும் முதல் முகவரி. டிஃபெண்டர் செய்த தவறு மறந்துபோகும்.

பின்களம்:

டிஃபெண்டராக ஆடியவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். கோபன்ஹேகனில் ஸ்பெயின் கீப்பர் உனாய் சிமோன், தனக்கு வந்த பாஸைக் காலில் தவறவிட்டு முதல் கோலைக் கொடுத்தார். அவரை அத்தனை நாள் திட்டியவர்கள் உண்டா?

கூடுதல்நேரம்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயம் நான் முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஜூன் 28இல் மாறிய என் மனம் எத்தனை நாள் நின்றது? எட்டு நாள். ஜூலை 6, வெம்பிளி, இத்தாலியோடு அரையிறுதி. 80வது நிமிடத்தில் சமன் கோல் போட்டவர் மொராட்டா. பிறகு பெனால்டியில் அவர் அடித்ததை டொன்னருமா பிடித்தார். அந்த நொடி என் வாயிலிருந்து பழைய வார்த்தையே வந்தது. இந்த முறை எழுதவில்லை, அவ்வளவுதான்.

2024இல் அவர் கேப்டன். ஜூலை 14 அன்று பெர்லினில் இங்கிலாந்தை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். தொடரில் அவருக்கு ஒரே கோல்தான், முதல் ஆட்டத்தில். ஒன்பதாம் எண் சொன்ன வேலையைத்தான் யாமாலுக்கும் நிக்கோ வில்லியம்ஸுக்கும் அவர் செய்துகொண்டிருந்தார். சில மாதம் கழித்து மன அழுத்தத்தைப் பற்றிப் பேசினார். அந்த யூரோவுக்கு மூன்று மாதம் முன்பு, இனி ஒரு ஆட்டம்கூட ஆட முடியாது என்று நினைத்தாராம். அந்த மூன்று மாதத்தில் நாம் அவரைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருந்தோம்?

அந்த 2021 பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கோடுதாண்டி:

அழிக்காதீர்கள் அண்ணா. கீழே நீங்களே பதில் எழுதுங்கள்.

பழைய பந்து:

அழித்துவிடுங்கள் தம்பி. அவர் பிள்ளைகள் பெரியவர்கள் ஆகி வருகிறார்கள். என்றாவது தேடிப் படிப்பார்கள்.

கூடுதல்நேரம்:

அழித்துவிட்டேன், ஐயா. குழந்தைகளை நான் யோசிக்கவில்லை.

இடதுகால்:

ஒன்பதாம் எண், அந்தப் பதினோரு ஆட்டம் கழித்து என்ன ஆனது? நடுவில் விட்டுவிட்டீர்கள்.

ஒன்பதாம் எண்:

பன்னிரண்டாவது ஆட்டத்தில் வந்தது. அழகான கோல் இல்லை. கிராஸ் வந்தது, நானும் டிஃபெண்டரும் விழுந்தோம், பந்து என் முழங்காலில் பட்டு உருண்டு உள்ளே போனது. ஓரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், போன வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் சேர்த்து. நான் அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் இடது விங்கில் ஆடிய பெண், பதினோரு ஆட்டமும் நான் வீணடித்த பிறகும் ஒவ்வொரு முறையும் எனக்கே கிராஸ் போட்டவள், அவளிடம் ஓடினேன். அவள் சொன்னது ஒன்றுதான்: "அடுத்ததும் உனக்குத்தான் போடுவேன், ஓடு."